தார் முடியும் இடம்

காலை ஆறு நாற்பதுக்குப் பழவேற்காடு பாலத்தின் மேல் முதலில் தெரிந்தது ஒரு வெள்ளைக் கூரை. அதன் பின்னால் சாம்பல் நிறத்தில் இன்னொன்று. ஓட்டிப் பார்ப்பதற்காக ஒரே ஷோரூமிலிருந்து அனுப்பப்பட்ட இரண்டு கார்கள். பாலத்தின் கிழக்குக் கோடியில் நானும் மாமாவும் நின்றிருந்தோம். மாமா என்றால் என் அக்காவின் கணவர். அவர் பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் உட்காரவில்லை. ஐந்தரை மணியிலிருந்தே அந்த இடத்தில் போவதும் வருவதுமாக இருந்தேன்.

"வந்துட்சு பாரு மச்சான். ரெண்டும் ஒரே சைசா கீது. இதுல இன்னாத்த செலக்ட் பண்றது?"

"சைஸ் ஒண்ணுதான் மாமா. உள்ளுக்குள்ள வேற வேற."

"அத்த சொல்லத்தான் உன்ன இட்டாந்தேன்."

ஒரு நாளிதழில் வாரந்தோறும் வாகனப் பக்கத்தை நான் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டேன். புதிய கார் எது வந்தாலும் ஓட்டிப் பார்த்து எழுதுவேன். அதனால் குடும்பத்தில் யார் எதை வாங்கினாலும், மிக்சி தவிர, என்னைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. இந்த முறை மாமா கூப்பிட்டபோது அது வழக்கமான அழைப்பாக இல்லை.

அக்காவுக்குச் சித்திரையில் முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை நடந்தது. வாரம் இருமுறை மீஞ்சூரில் பிசியோதெரபி, இடையிடையே சென்னையில் டாக்டர். அவர்கள் வீடு கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மணல் திட்டில் உள்ள ஒரு குப்பத்தில் இருக்கிறது. பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம் தார்ச்சாலை. பிறகு மணல் பாதை. ஐஸ் லாரிகளும் மீன் வேன்களும் போய்ப் போய் அந்தப் பாதையில் முழங்கால் ஆழத்துக்குத் தடம் விழுந்திருக்கும். ஒவ்வொரு முறையும் வாடகை வேனில் போய்த் திரும்பியதும் அக்கா இரண்டு நாள் படுத்துவிடுவாள். குலுங்கக் கூடாது, இப்படியே போனால் மறுபடி கத்தி வைக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இரண்டே வழிகள் இருந்தன. குலுக்காமல் மணலைத் தாண்டுகிற ஒரு வண்டி வாங்குவது, அல்லது மீஞ்சூரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு எடுத்துப் போய்விடுவது. மாமா வீடும் பார்த்துப் பேசி முடித்துச் சாவி வாங்கி வைத்திருந்தார். அக்கா அந்த வீட்டைப் பார்க்கப் போகவே இல்லை.

குப்பத்தில் அவளுடைய நண்டுக் கொட்டகை இருக்கிறது. ஏரியில் இறங்கிக் கையால் நண்டும் இறாலும் பிடிக்கிற பெண்கள் விடிந்ததும் அங்கேதான் கொண்டுவந்து கொட்டுவார்கள். அக்கா ஒவ்வொரு நண்டையும் புரட்டி, கால் ஓரத்தில் கட்டை விரலால் அழுத்துவாள். கெட்டியாக இருந்தால் சதை நண்டு, ஏற்றுமதிக்குப் போகும். அமுங்கினால் தண்ணி நண்டு, உள்ளூருக்கு. மாமா கொட்டகையில் உட்கார்ந்தால் அந்தப் பெண்களோடு பேச்சுவாக்கில் எல்லாவற்றையும் சதை நண்டு என்று வாங்கிவிடுவார். அறுவைச் சிகிச்சைக்காக அக்கா இல்லாத நாட்களில் அது நடந்தது. மீஞ்சூர் போனால் கொட்டகையை மூட வேண்டும். இதுதான் விஷயம். எந்தக் கார் என்ற கேள்விக்குள் அக்கா எங்கே இருப்பாள் என்ற கேள்வி உட்கார்ந்திருந்தது.

வெள்ளைக் காரிலிருந்து ஷோரூம் பிரதிநிதி இறங்கினார். முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். சுடிதாரில் பேட்ஜ், காலில் வெள்ளை ஷூ. சாம்பல் காரை அவர்களுடைய டிரைவர் ஓட்டி வந்திருந்தார். இரண்டும் சொகுசு ரகம், இரண்டும் காம்பேக்ட். பெரிய எஸ்யூவி என்றால் குப்பத்துத் தெருவில் வலைக் குவியல்களுக்கு நடுவே திரும்பாது. அதை நான் முதலிலேயே தள்ளிவிட்டிருந்தேன். வெள்ளைக்கு முன்சக்கர இயக்கம் மட்டும்; சாலைக்காகச் செய்யப்பட்டது; மெத்தென்ற சஸ்பென்ஷன். சாம்பலுக்கு நான்கு சக்கரமும் இழுக்கும், தரையிலிருந்து வயிறு இன்னும் உயரம், ஸ்பிரிங் விறைப்பு. என் பக்கத்தில் நான் எழுதியிருந்தால் முதலாவதற்கு 'நகரவாசிகளுக்கு', இரண்டாவதற்கு 'சாகசப் பிரியர்களுக்கு' என்று போட்டிருப்பேன். இங்கே இரண்டும் பொருந்தவில்லை.

அக்கா பாலத்தடியில் பெட்டிக்கடை நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். இடுப்பில் பெல்ட். என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நீ எழுதுன பேப்பரெல்லாம் நான் கருவாடு மடிக்கத்தான் பாத்தன். இப்பவாச்சும் சரியா சொல்றியா பாக்கலாம்."

வெள்ளைக் காரின் முன்சீட்டில் அவளை ஏற்றினோம். மாமா ஓட்டினார். பின்னால் நானும் பிரதிநிதியும்.

"மேடம், சைடுல ஒரு பட்டன் இருக்கு. அழுத்தினீங்கன்னா இடுப்புக்கு சப்போர்ட் வரும்."

அக்கா அழுத்தினாள். சீட்டின் முதுகு மெல்லப் புடைத்தது. தார்ச்சாலையில் வேகத்தடை வந்தது. நான் அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேனில் போகும்போது மேலே கைப்பிடியைப் பிடித்தபடியே வருவாள். இப்போது கை மடியில் இருந்தது. இரண்டாவது வேகத்தடைக்கும் அது மடியிலேயே இருந்தது.

தார் முடியும் இடத்தில் காரின் மூக்கு மணலுக்குள் இறங்கியது. கொஞ்சம் போனதும் முன்சக்கரங்கள் சுற்றத் தொடங்கின. மாமா இன்னும் மிதித்தார். மணல் இரண்டு பக்கமும் பறந்தது. பின்னால் எடுத்து மறுபடி தாருக்கே வந்தோம்.

சாம்பல் அதே மணலில் போனது. தடத்தில் இறங்கி ஏறி, ஒரு இடத்தில் கூடச் சிக்காமல், குப்பத்தின் முதல் வீடு வரை போய்த் தாருக்கே திரும்பியது. பிரதிநிதி அதன் நான்கு சக்கர இயக்கத்தை விளக்கிக்கொண்டே வந்தார். பாதி வழியில் அக்கா, "நில்லுங்க," என்றாள். மாமா நிறுத்தினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டாள். "போலாம்," என்றாள் பிறகு. தாருக்கு வந்து இறங்கியதும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேல் உதட்டில் வேர்வை.

"எப்டி கீது?" என்றார் மாமா.

"வண்டி நல்லாதான் கீது. நான்தான் நல்லால்ல."

வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. நான் மறுபடி நடக்கத் தொடங்கினேன். அவள் தாங்குகிற வண்டி மணலில் போகவில்லை. மணலில் போகிற வண்டியை அவள் தாங்கவில்லை. வெள்ளையின் டயர்களில் காற்றைக் குறைத்தால் மணலில் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் தார் முடியும் இடத்தில் காற்று இறக்கி, திரும்பி வந்ததும் ஏற்றி, வாரம் இருமுறை யார் செய்வது? சாம்பலின் ஸ்பிரிங்கை மாற்றலாமா என்று கேட்டேன். வாரண்டி போய்விடும் என்றார் பிரதிநிதி.

வழி கண்டுபிடித்தது மாமா.

"மணல்ல இன்னாத்துக்கு போவணும்? ஏரிப் பக்கம் பாரு. வத்தம். தண்ணி உள்ள போயிட்டுது. தர சிமெண்டு மாதிரி கீது. நேரா கொட்டாய் பின்னால போய் ஏறிக்கலாம்."

ஆடி மாதம். ஏரி வற்றிய நேரம். கூடவே காலையில் நீர் வற்றும் பொழுது. கரையோரம் அகலமாக, சமமாக, வெள்ளையாகக் காய்ந்திருந்தது. சிறு குழி கூட இல்லை. பிரதிநிதி என்னைப் பார்த்தார். நான் போய் குதிகாலால் மிதித்துப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. கொஞ்ச தூரம் தள்ளி ஒருவர் தோளில் வலையோடு நடந்து போய்க்கொண்டிருந்தார். அவர் காலும் புதையவில்லை.

"போலாம்," என்றேன்.

அக்காவை மறுபடி வெள்ளையில் உட்கார வைத்துக்கொண்டு தார் முடியும் இடத்திலிருந்து ஏரிக்குள் இறங்கினோம். சத்தமே இல்லை. தார்ச்சாலையை விட நன்றாகவே இருந்தது. மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். கொட்டகையின் கூரை தெரிந்தபோது காரின் முன்பக்கம் மெதுவாகக் கீழே போனது. உடைந்த மேல்தோலுக்குக் கீழே கறுப்புச் சேறு. சக்கரம் சுற்றச் சுற்ற வண்டி வயிற்றில் உட்கார்ந்துவிட்டது.

மாமா எஞ்சினை அணைத்தார். முகத்தில் எந்தக் கலவரமும் இல்லை.

"ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரத்துல தண்ணி ஏறும். தானா வுட்டுடும்."

பிரதிநிதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "சார், தண்ணி ஏறினா கார் மிதக்காது சார்," என்றார்.

"மெதக்க வேணாம்மா. லேசா எயும்புனா போதும். நாங்க தள்ளிக்குவோம்."

தரை தட்டிய படகுக்கு அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தது அதுதான். இறங்கிக் காத்திருப்பார்கள், ஒரு பீடி, தண்ணீர் வரும், படகு அசையும். குப்பத்திலிருந்து வந்த ஆட்களும் அதையே சொன்னார்கள். ஒருவர் கழியைச் சேற்றில் குத்தி ஆழம் பார்த்தார். இன்னொருவர், "பின்னால ஏறி குந்துங்கடா, மூக்கு தூக்கும்," என்றார். மூன்று பேர் பின்பக்க பம்பரில் ஏறினார்கள்.

"மாமா, இதுல முன்சக்கரம்தான் இழுக்கும். மூக்க தூக்குனா இன்னும் சுத்தும்."

"டேய், முன்னால வாங்கடா."

மூன்று பேரும் ஈரக் கைலியோடு பானெட்டின் மேல் வந்து உட்கார்ந்தார்கள். பிரதிநிதி ஏரியின் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

அக்கா உள்ளேயே இருந்தாள். அவள் இறங்கினால் கெண்டைக்கால் வரை சேறு. காலை உருவி எடுக்கும் ஒரே இழுப்பில் முதுகு போய்விடும். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் ஒரு கோடாக இருந்தது பக்கத்தில் வந்துவிட்டது. அலை இல்லை, ஓசை இல்லை, உடைந்த சிப்பிகளுக்கு நடுவே நுழைந்து நுழைந்து வந்தது. ஷோரூமுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார் பிரதிநிதி. சிக்னல் வந்து வந்து போனது.

"நைனா, அந்தப் படகைக் கொண்டா," என்று அக்கா ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். கொட்டகைக்குப் பின்னால் ஃபைபர் படகில் வலை உதறிக்கொண்டிருந்தவரை. அவர் அப்பா இல்லை, பக்கத்து வீட்டுக்காரர். அவரை அங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

படகைக் கழி போட்டுத் தள்ளிக் காரின் பக்கம் வரை கொண்டுவந்தார். சேற்றின் மேல் பலகை போட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் நாற்காலி வைத்து, அக்காவைச் சீட்டிலிருந்து அதற்கு நகர்த்தினோம். நான்கு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள்.

"சாமி ஊர்வலம் மாதிரி ஆட்டாதீங்கடா. எறக்க சொல்ல பாத்து எறக்குங்க."

"யக்கா, வெயிட்டு ஏறிட்ட நீ."

"பெல்ட்டு வெயிட்டுடா. தூக்கு."

படகின் நடுவில் நாற்காலியை வைத்தார்கள். நானும் ஏறினேன். கொட்டகை இருக்கும் இடம் கூப்பிடு தூரம்தான். கழி ஊன்றி ஆழத்துக்கு வந்ததும் எஞ்சினை இறக்கினார் நைனா. காலையில் காற்று இல்லை. ஏரி தட்டையாக இருந்தது. அக்கா ஒரு கையைப் படகின் விளிம்பில் வைத்தாள். பிறகு அதையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கொட்டகைத் துறை வந்தது. நைனா எஞ்சினின் வேகத்தைக் குறைத்தார்.

"நிறுத்தாத," என்றாள் அக்கா. "பஜார் துறை வரைக்கும் வுடு. போய்ட்டு வரலாம்."

"அங்க இன்னா வேல இப்ப?"

"வேல ஒண்ணுமில்ல. வுடு."

நான் திரும்பித் திரும்பி வெள்ளைக் காரைப் பார்த்தேன். தண்ணீர் சக்கரத்தின் நடுவை எட்டியிருந்தது. கரையில் நின்றவர்கள் சின்னதாகிக்கொண்டே போனார்கள். படகு அக்கரையில், பழவேற்காடு ஊர்ப் பக்கம் இருக்கும் பஜார் துறையைத் தொட்டுத் திரும்பியது. திரும்பும் வழியில் அக்கா ஒரே ஒரு முறை, எனக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல், "ஒண்ணும் தெரில," என்றாள். வலியைத்தான் சொன்னாள்.

என்னிடம் அப்போது ஒரு ஒப்பீட்டு அட்டவணை இருந்தது. இடது பக்கம் வெள்ளை, வலது பக்கம் சாம்பல். அதில் படகுக்கு இடம் விடவில்லை.

நாங்கள் கொட்டகையில் இறங்கியபோது டிரைவர் சாம்பல் காரை மணல் மேட்டில் கெட்டியான இடமாகப் பார்த்து நிறுத்தியிருந்தார். வலை இழுக்கும் நைலான் கயிற்றை இரண்டு வண்டிக்கும் நடுவே கட்டினார்கள். வெள்ளையின் முன் டயர்களில் காற்றைக் குறைக்கச் சொன்னேன். ஆட்கள் இடுப்பளவு சேறாகித் தள்ள, சாம்பல் இழுக்க, வெள்ளை ஒரு பெரிய உறிஞ்சும் சத்தத்தோடு வெளியே வந்தது. உள்ளே தரைவிரிப்பு வரை தண்ணீர் போயிருந்தது. எஞ்சின் கிளம்பியது.

அதற்குப் பிறகும் ஒரு தவறு நடந்தது. விருந்தாளி வண்டி அழுக்கானதே என்று ஆட்கள் குடத்தில் ஏரித் தண்ணீரை மொண்டு காரைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்கள். படகை அப்படித்தான் கழுவுவார்கள். பிரதிநிதி ஓடிவந்தார்.

"அண்ணா, உப்புத் தண்ணி அண்ணா. துருப்பிடிச்சுடும். நல்ல தண்ணி வேணும்."

அங்கே இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல தண்ணீர் லாரியில் வருவது. குடிக்கவும் சமைக்கவும்தான் அது. ஒருவர் வீட்டுக்குள் போய் இரண்டு குடம் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றார். பிரதிநிதி குடங்களையும் அவரையும் பார்த்தார். பிறகு தன்னுடைய துப்பட்டாவை நனைத்து, காரின் அடிப்பகுதியை மட்டும் துடைத்தார். ஒரு குடம் மிச்சம் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்தார். சாம்பல் வெள்ளையைக் கயிற்றில் இழுத்தபடி மணலைத் தாண்ட, மதியத்துக்கு முன் இரண்டு கார்களும் பாலம் ஏறிப் போய்விட்டன.

சாயங்காலம் கொட்டகையில் உட்கார்ந்து பேசினோம். அக்கா சாய்வாகப் படுத்திருந்தாள்; எட்டுகிற தூரத்தில் நண்டுக் கூடை. பேசிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்து அழுத்திப் பார்த்து, இந்தக் கூடை, அந்தக் கூடை என்று போட்டாள்.

"சாம்பல்தான்," என்றார் மாமா. "பாத்த இல்ல, எப்டி இழுத்துச்சுனு. அது வண்டி."

"என் முதுகுல கயிறு கட்டி இழுக்கப் போறியா?"

"இல்ல, நான் சொல்ல வந்தது..."

"வெள்ள வாங்கு. வாங்கி அந்தாண்ட பஜார்ல நிறுத்து. ஐஸ் குடோன் பக்கத்துல நெழல் கீது. நான் படகுல வந்து ஏறிக்கிறன்."

மாமா என்னைப் பார்த்தார். நான் எழுந்து கொட்டகை வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன்.

"காத்து நாள்ல?" என்றேன்.

வாடைக் காற்று பலமாக அடிக்கும் நாட்களில் ஏரியில் யாரும் படகு விட மாட்டார்கள். ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை அது வரும், போகும். அதே நாட்களில்தான் மழைத் தண்ணீர் ஏறி மணல் பாதையும் மூழ்கும்.

"காத்து நாள்ல போவல," என்றாள் அக்கா.

"டாக்டர் வரச் சொன்னா?"

"இது தண்ணி நண்டு," என்று ஒன்றை எடுத்து மாமா பக்கம் வைத்தாள். "யாருகிட்ட வாங்குன இத்த?"

மாமா அந்த நண்டை எடுத்து உள்ளூர்க் கூடையில் போட்டார். பதில் சொன்னால் விற்ற பெண்ணின் பெயர் வெளியே வந்துவிடும்.

வீடு மீஞ்சூரில் இருந்தால் எந்தக் காற்றிலும் போகலாம் என்று அவர் சொல்ல நினைத்தது எனக்குத் தெரிந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நான் நாற்காலியை எடுத்து வைத்தேன், போனைப் பார்த்தேன், மறுபடி வாசல் வரை போனேன். "டேய், ஒரு எடத்துல குந்து. பாக்கறதுக்கே முதுகு வலிக்குது," என்றாள் அக்கா. உட்கார்ந்தேன்.

ஆடியில் வண்டி எடுப்பதில்லை என்பதால் ஆவணி வரை காத்திருந்தார்கள். வெள்ளைதான் வந்தது; ஓட்டிப் பார்த்தது அல்ல, வேறொன்று. ஷோரூமில் பூ, மாலை, கேக் எல்லாம் வைத்துச் சாவி கொடுத்தார்கள். அதே பிரதிநிதிதான். மாமாவிடம், "சார், தண்ணி ஏறினா..." என்று ஆரம்பித்தார்; இருவரும் சிரித்தார்கள். அன்று நான் ஓட்டிக்கொண்டு வந்தேன். மீஞ்சூரைத் தாண்டும்போது மாமா ஜன்னல் பக்கமாக ஒரு தெருவைப் பார்த்தார். எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை.

இப்போது கார் பஜார் பக்கம், ஐஸ் குடோன் சுவரை ஒட்டி, தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. குப்பத்துக்குள் அது ஒரு முறை கூட வந்ததில்லை. வாரம் இருமுறை காலையில் நைனா நாற்காலியைப் படகில் வைத்து அக்காவை அக்கரை சேர்க்கிறார். மாமா காரை எடுக்கிறார். பிசியோதெரபி முடிந்து திரும்பிய அன்றே அவள் கொட்டகையில் உட்காருகிறாள். போன வாரம் நான் போனபோது பெல்ட் இல்லாமல் கொஞ்ச தூரம் நடந்து காட்டினாள். புரட்டாசி. ஏரியில் இன்னும் காற்று மாறவில்லை. கொட்டகைத் துறையிலிருந்து கிளம்பும்போது நைனா மட்டும் வடக்கே ஒரு முறை பார்த்துவிட்டுக் கழியை எடுத்தார்.

டாக்டர் அக்காவை அடுத்த ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருப்பது கார்த்திகையில்.

பஜார் துறையில் மாமா காரைத் திறக்கும்போது சாவியைப் பார்த்தேன். அதே வளையத்தில் மீஞ்சூர் வீட்டுச் சாவியும் இருந்தது.